ராவணன் மீசையில காலை வைக்காதே

பேராண்டி, நீயும் உன் ஆபீஸ் சிநேகிதங்களும் நம்ம தீவை நடந்தே சுத்திப் பார்க்கப் போறீங்கன்னு உங்கம்மா போன்ல சொன்னா. காட்டுப்பூவெல்லாம் தேடித்தேடிப் படம் புடிக்கணுமாம். கேட்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கல. இங்க பொறந்து வளர்ந்த பயலுவ எல்லாம் பாம்பன் பாலத்தைத் தாண்டி ஓடுறதுக்கு வழி தேடிக்கிட்டிருக்கானுவ. மெட்ராஸ்லேர்ந்து கைக்காசு செலவழிச்சு அடம்பங்கொடி பார்க்க ஒரு கூட்டம் வருதுன்னா சும்மாவா? அதனால பெரியவன்ங்கிற முறையில நாலு புத்தி சொல்லிவைக்கிறேன். கேட்டா கேளு. கேக்காட்டி உன் காலு உனக்குச் சொல்லும்.

எப்ப வர்றீங்க? மே மாசமாம், லீவு அப்பத்தான் கிடைக்குமாம். தாராளமா வாங்க. மே மாசத்துலயும் ராமேஸ்வரத்துல பூ இருக்கும். கோயில் வாசல்ல முழம் போட்டு விப்பாங்க. தரையில பூத்த பூதான் வேணும்னா மழையைக் கேட்டுக்கிட்டு வரணும் அப்பு. நமக்கு மழைன்னா ஐப்பசி, கார்த்திகைதான். ஆடி மாசம் மேற்குமலையில கொட்டுற மழை நம்ம பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. கச்சான் காத்தை மட்டும் அனுப்பிவைக்கும். கார்த்திகை மழை வடிஞ்சு, தை பொறந்து, மணல்ல ஈரம் நிக்கிற வரைக்கும்தான் பூவோட ஆட்டம். மாசி தாண்டினா பாதி காஞ்சுரும். வைகாசியில வந்தீங்கன்னா மணலும் நீங்களும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கலாம். அதுலயும் கச்சான் ஏறி அடிக்கிறப்ப மணலே உன் கண்ணுக்குள்ள வந்து குடியிருந்துக்கும், நீ தேடிப்போக வேண்டியதில்ல.

இன்னொண்ணு. இங்க கடல் ரெண்டு. வடக்க இருக்கிற பாக்கு விரிகுடாவைப் பெண்கடல்னு சொல்லுவோம், தெற்க மன்னார் வளைகுடாவை ஆண்கடல்னு சொல்லுவோம். வடகடல் அடங்கிக் கிடக்கும், தென்கடல் எந்நேரமும் இரைஞ்சுக்கிட்டிருக்கும்னு கணக்கு. இந்தப் பேரு வச்ச ஆம்பளை கார்த்திகையில வாடைக்காத்து அடிக்கிறப்ப ஊர்ல இல்லபோல. அப்ப வடகடல் எழும்பி வீட்டு வாசல் வரைக்கும் வந்து சண்டை புடிக்கும். ஆண்கடல் பேச்சுமூச்சில்லாமப் படுத்திருக்கும். நம்ம வீட்டுலயும் அப்படித்தான். உங்க அம்மாச்சிகிட்ட இதைச் சொல்லிராதே.

ஏன் சொல்றேன்னா, பூவும் அந்தந்தக் கடலுக்குத் தக்கனதான் பூக்கும். பாம்பனை ஒட்டின வடகரையில சேறும் சதுப்பும். அங்க கண்டல் நிக்கும், உமரி நிக்கும். தென்கரையில மணல் மேடு மேடாக் குவிஞ்சு கிடக்கும். அதுல அடம்பும் ராவணன் மீசையும். தை மாசத்துல நடக்கணும்னா தென்கரைதான் தோது, காத்து முதுகுப்பக்கம் அணைஞ்சு வரும். நீ எந்தக் கரையில நடந்தாலும் விடியக்காலையில நட. எட்டு மணிக்கு எந்திரிச்சு, ஓட்டல்ல பூரி தின்னு, ஆளாளுக்கு மூஞ்சியில வெள்ளைக் களிம்பு பூசி முடிச்சு, பதினொரு மணிக்குக் கெளம்பினீங்கன்னா பூ எல்லாம் கடையைச் சாத்திட்டுப் போயிருக்கும்.

சத்தியமாத்தான் சொல்றேன். அடம்பம்பூ விடியக்காலையில விரியும், ரோஸும் ஊதாவும் கலந்த நிறத்துல, பார்க்க ஒரு புனல். மத்தியானம் ஆச்சுன்னா சுருங்கித் தொங்கிரும். நாளைக்கு வேற பூ. நேத்துப் படம் புடிச்ச பூவை இன்னைக்குக் காட்டுன்னு கேட்டா நான் எங்க போவேன்? இலையைப் பாரு, நுனியில ரெண்டாப் பொளந்திருக்கும். குறுந்தொகையில ஒரு புலவர் அதை மானோட குளம்புன்னு பாடியிருக்காராம். நம்ம தீவுல மான் ஏது, ஆட்டுக்கால்னு சொல்லிட்டுப் போயிட்டோம். வெள்ளைக்காரன் அதுக்கு லத்தீன்ல பேரு வச்சப்ப அவனும் ஆட்டுக்காலைத்தான் பார்த்திருக்கான். புலவருக்குத்தான் கொஞ்சம் பெரிய மனசு.

அந்தக் கொடி ஒண்ணைக் கையில புடிச்சு அது எங்க தொடங்குதுன்னு கண்டுபுடிச்சுட்டு வாங்கன்னு உன் சிநேகிதங்கள்ல ஒருத்தனை அனுப்பிவை. அரைமணி நேரம் நிம்மதியா இருக்கலாம். கணுவுக்குக் கணு வேர் விட்டுக்கிட்டே போகும். ஒரு இடத்துல அத்துப்போனாலும் அடுத்த கணு தனிக்குடித்தனம் பண்ணிக்கும். பறந்து வர்ற மணலை அந்த இலையும் தண்டும் தடுத்து நிறுத்தும். மணல் மூட மூட கொடி மேல ஏறிவரும். மேடும் கூடவே வளரும். கடற்கரையில மணல்மேடு இருக்கிறது ஏதோ லாரியில கொண்டாந்து கொட்டினதுன்னு நெனச்சிராதே. விதையில மெத்துமெத்துன்னு ரோமம் இருக்கும். கடல்ல விழுந்தா மாசக்கணக்கா மிதந்தாலும் உயிர் போகாது. அதனாலதான் உலகத்துல வெயில் அடிக்கிற கடற்கரை எதுக்குப் போனாலும் இந்த ஆட்டுக்கால் உனக்கு முன்னாடியே போயிக் கிடக்கும், பாஸ்போர்ட்டும் இல்ல, விசாவும் இல்ல. கடல்ல சொறிமுட்டை பட்டு உடம்பு எரிஞ்சா எங்க ஆளுக இந்த இலையைத்தான் கசக்கிப் பூசுவாங்க. நீ டாக்டர்கிட்டப் போ. போறதுக்குள்ள எரிச்சல் தாங்கலைன்னா என்னைக் கேளு.

அடுத்ததா செருப்பு. நீ ஆயிரக்கணக்குல ரூபா குடுத்து மலையேறுற பூட்ஸ் வாங்கியிருக்கேன்னு கேள்விப்பட்டேன். இந்தத் தீவுல இருக்கிற ஒரே மலை கந்தமாதன பர்வதம்; அதுவும் ஒரு பெரிய மணல்மேடு, மேல ராமர் பாதம். அதுல ஏறுறதுக்கு உங்க அம்மாச்சிக்கு வெறுங்காலே போதும், முட்டிவலியையும் கூட்டிக்கிட்டே ஏறிருவா. பூட்ஸுக்குள்ள மணல் புகுந்ததுன்னா நீ மணலைச் சுமக்கிறியா, மணல் உன்னைச் சுமக்குதான்னு தெரியாமப் போயிரும். தண்ணி வத்தியிருக்கிற நேரமாப் பார்த்து, அலை வந்து நனைச்சுட்டுப் போன ஈரமணல்ல வெறுங்கால்ல நட. காலும் பொதையாது, சூடும் ஏறாது. மேட்டுப்பக்கம் ஏறுறப்ப மட்டும் ஒரு ரப்பர் செருப்பு.

அந்தச் செருப்பு எதுக்குன்னா நெருஞ்சிக்கு. தரையோட தரையாப் படர்ந்து மஞ்சளாப் பூத்து, பொழுது போற பக்கமே மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, பார்க்கிறதுக்கு அம்புட்டு அடக்கமா இருக்கும். உன் கூட வர்ற பொண்ணு எவளாவது "ஸோ க்யூட்"னு சொல்லிக் காலை வச்சிருவா. அப்புறம் அந்தப் பூவுக்குப் பின்னாடி காயா நிக்கிற முள்ளைப் பத்தி அவளுக்கு நீ தனியா வகுப்பு எடுக்க வேணாம்.

நெருஞ்சியாவது பரவாயில்ல, காலோட போகும். ராவணன் மீசை பொல்லாதது. ஊருக்குப் பேரு ராமர் பேரு. வில்லை ஊன்றினது தனுஷ்கோடி, பாதம் வச்சது பர்வதம், பூசை பண்ணினது கோயில். எல்லா இடத்தையும் அவருக்கே எழுதிக் குடுத்தாச்சு. இத்தனைக்கும் நடுவுல தோத்துப்போன மனுசன் மீசை மட்டும் தென்கரை முழுக்க விறைச்சுக்கிட்டு நிக்குது, இன்னைக்கு வரைக்கும் அதை மழிக்க யாருக்கும் தெம்பில்ல. புல்லுதான், ஆனா இலை நுனி ஒவ்வொண்ணும் ஊசி. தெரியாமப் போய் உக்காந்தவன் மறுபடி உக்கார நாளாகும். இதுல ஆண்செடி தனி, பெண்செடி தனி. பெண்செடியில பூத்துக் காய்க்கிறது உருண்டையா, நாலாப்பக்கமும் முள்ளாட்டம் நீட்டிக்கிட்டு ஒரு பந்து. முத்தினதும் ஒடிஞ்சு விழும். காத்தடிச்சா முள்ளையே காலா ஊன்றி மணல்ல உருண்டு ஓடும், போற வழியெல்லாம் விதையை உதுத்துக்கிட்டு. காத்துள்ள நாள்ல பத்து இருபது பந்து ஒண்ணா ஓடி வர்றதைப் பார்த்து பயந்த பட்டணத்துக்காரங்க இருக்காங்க. நீங்க அதை வெரட்டி ஓடிப் படம் புடிக்கப் பாருங்க. எனக்கும் பொழுது போகணுமில்ல.

ஆனா ஒண்ணு சொல்றேன், இந்த மீசையும் அடம்பும் இல்லாத இடத்துல கடலுக்கும் ஊருக்கும் நடுவுல ஒரு தடுப்பும் கிடையாது. அழகில்லைன்னு அதைக் கொத்திப்போட்டுக் கட்டடம் கட்டுறவங்களைப் பார்க்கிறேன். கட்டட்டும். கச்சான் வந்து வாசல்ல மணலைக் குவிக்கிறப்ப கூட்டிவிட ஆளு தேடிக்கிட்டு வருவாங்க.

மணல்மேட்டுல நடக்கிறப்ப ஒரு புதர்ல வெள்ளையா, பாதிப்பூ மட்டும் பூத்திருக்கிறதைப் பார்ப்பே. அஞ்சு இதழும் ஒரே பக்கமா விரிஞ்சு, மறுபக்கம் மொட்டையா இருக்கும். யாரோ பிய்ச்சுட்டாங்கன்னு நெனச்சுப் பக்கத்துல விளையாடுற பயலை அதட்டிராதே, அது பொறப்பே அப்படி. பக்கத்துச் செடிமேல இலையும் இல்லாம, தரையில வேரும் இல்லாம வெறும் நூலாச் சுத்திக் கிடக்கிறது கொத்தான். மத்தவன் உடம்புல வாயை வச்சு உறிஞ்சியே பொழைக்கும். நம்ம சொந்தத்துலயும் அந்த ஜாதி ஒண்ணு உண்டு, பேரு சொல்லமாட்டேன், பொங்கலுக்கு வீட்டுக்கு வருவாரு, நீயே பார்த்துக்கோ.

சப்பாத்திக்கள்ளியில மஞ்சப்பூ பார்க்கலாம், செவந்த பழமும் பார்க்கலாம். பழத்தை நாங்க சின்னப்பயலா இருந்தப்ப தின்னுட்டு வாயெல்லாம் செவந்து திரிஞ்சோம்னு உங்கம்மா கதை சொல்லியிருப்பா. அதோட பாதிதான் சொல்லியிருப்பா. பழத்து மேல கண்ணுக்குத் தெரியாத முள்ளு கொத்துக்கொத்தா இருக்கும். மணல்ல போட்டு நல்லா உருட்டித் தேய்ச்சுட்டுத்தான் வாயில வைக்கணும். உன் சிநேகிதங்கள்ல ரொம்பப் பேசுறவன் யாராவது இருந்தா அவனுக்கு மட்டும் இந்த ரெண்டாம் பாதியைச் சொல்ல வேணாம்.

ரோஸும் வெள்ளையுமா எங்க பார்த்தாலும் பூத்துக் கிடக்கிறது நித்தியகல்யாணி. அதை எங்க ஊர்ல சுடுகாட்டுப் பூன்னு தலையில வைக்கமாட்டாங்க. மடகாஸ்கர்லேர்ந்து வந்து வெறும் மணல்ல, தண்ணி ஊத்தாம, யாரும் மதிக்காம வளர்ந்தது. பிள்ளைகளுக்கு வர்ற ரத்தப் புத்துநோய்க்கு அதுலேர்ந்துதான் மருந்து எடுக்கிறாங்க. இப்ப கம்பெனிக்காரன் எடைபோட்டு வாங்குறான். ஆனாலும் கொண்டையில வைக்க மட்டும் நம்ம பொம்பளைங்க இன்னும் மனசு எறங்கல.

தாழம்பூ கதையும் அப்படித்தான். சிவனுக்கு முன்னாடி பிரம்மாவுக்காகப் பொய்ச்சாட்சி சொன்ன குத்தத்துக்கு அவர் பூசையில அதுக்கு இடமில்ல. ஆனா பாரு, நம்ம ஜில்லாவுலயே உத்தரகோசமங்கையில மட்டும் சிவனுக்குத் தாழம்பூ சாத்துவாங்க. வழக்கு இங்க தோத்தா என்ன, அங்க போயி ஜெயிச்சிருக்கு. நீங்க தாழம்புதருக்குள்ள தலையை விடுறதுக்கு முன்னாடி ஒரு கம்பால தட்டிட்டு விடுங்க. பூவோட வாசத்துக்குப் பாம்பு வருமா வராதான்னு எனக்கென்ன தெரியும். அடர்ந்த புதர், கீழ நெழல், எலி ஓடும் — நான் பாம்பா இருந்தா அங்கதான் இருப்பேன்.

வழியைச் சொல்லல பாரு. எல்லாரும் செய்யிறது என்னன்னா, கார்ல ஏறி நேரா அரிச்சல்முனை. 2017ல ரோடு போட்டதுலேர்ந்து முகுந்தராயர் சத்திரத்துலேர்ந்து முனை வரைக்கும் ஒன்பதரை கிலோமீட்டரும் தார். எறங்கி, அசோகர் தூணுக்குக் கீழ நின்னு நாலு படம், "ரெண்டு கடலும் சேர்ற கோடு எங்க?"ன்னு ஒரு கேள்வி, வறுத்த மீன் ரெண்டு, திரும்பி கார். போன்ல இலங்கை டவர் புடிச்சு, வெளிநாட்டுக்கு வரவேற்கிறோம்னு சேதி வந்ததும் அதையும் ஒரு படம். தீவைப் பார்த்தாச்சு. நீ சத்திரத்துலயே எறங்கிரு. ரோட்டை விட்டுக் கீழ எறங்கி கரையோரம் நட. முனையில மட்டும் கடல்ல எறங்காதே. ரெண்டு பக்கத்து நீரோட்டமும் முட்டிக்கிற இடம். நீச்சல் தெரிஞ்சவனையே இழுத்துட்டுப் போகும். போர்டு வச்சிருக்காங்க. அதைப் படிச்சுட்டுப் போர்டுக்கு முன்னாடியே குளிக்கிறவங்களும் இருக்காங்க.

போற வழியில பழைய தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல் ஸ்டேஷனையும், தபாலாபீசையும், மாதா கோயிலையும், வந்துக்கிட்டிருந்த பாசஞ்சர் வண்டியைச் சனத்தோடயும் சேர்த்து எடுத்துக்கிச்சு. அதுக்கு முந்தி மெட்ராஸ்ல டிக்கெட் எடுத்தவன் இங்க வந்து கப்பல் மாறி தலைமன்னார்ல எறங்கி கொழும்புக்குப் போயிக்கிட்டிருந்தான். இப்ப சுவரு மட்டும் நிக்குது, பவளக்கல்லுச் சுவரு. அங்க நின்னு ஒருத்தர் தோள்ல ஒருத்தர் ஏறிப் படம் எடுக்கிற வேலை வேணாம். இதை வேடிக்கைக்குச் சொல்லல.

தாகம் எடுத்தா அங்க குடிசை போட்டிருக்கிற மீன்காரங்ககிட்டக் கேளு. கடலுக்குக் கூப்பிடு தூரத்துல மணலை முழங்கை ஆழம் தோண்டுவாங்க. கொஞ்ச நேரத்துல ஊத்துத் தண்ணி ஊறி நிக்கும், குடிச்சுப் பாரு, உப்பே இருக்காது. பெய்ஞ்ச மழை மணலுக்குள்ள எறங்கி, கனமான உப்புத்தண்ணிக்கு மேல கலக்காம நிக்கிது. அவசரப்பட்டு ஆழமாத் தோண்டினாலோ, மோட்டார் போட்டு உறிஞ்சினாலோ கீழ இருக்கிற உப்பு மேல வந்துரும். இங்க பூக்கிற ஒவ்வொரு பூவும் இந்த மேல்தண்ணியை நம்பித்தான் இருக்கு. நீ ஒரு செரட்டை மொண்டு குடி, போதும். பாட்டில் பாட்டிலா ரொப்பாதே. காலி பாட்டிலை அங்கயே போடுறதா இருந்தா வரவே வேணாம்.

தை மாசி மாசத்துல கோதண்டராமர் கோயில் பக்கம் முழங்கால் தண்ணியில ரோஸ் நிறத்துல ஒரு கூட்டம் நிக்கும். பூநாரை. தலையைக் கவுத்து அலகால தண்ணியை வடிகட்டித் தின்னும். 2025ல தனுஷ்கோடியில அதுக்குன்னே சரணாலயம் அறிவிச்சிருக்காங்க. தூரத்துலேர்ந்து பாரு. கிட்டப்போய்ப் பறக்கவிட்டுப் படம் எடுத்தாத்தான் நல்லா இருக்கும்னு ஒரு சிநேகிதன் சொல்லுவான். அவனை அந்தச் சேத்துல அஞ்சடி எறங்கச் சொல்லு. கூட்டம் பறக்குதோ இல்லியோ, அவன் தொடை வரைக்கும் புதையிறதைப் படம் எடுக்கலாம்.

"தாத்தா, குட்டித்தீவுக்கெல்லாம் கூட்டிட்டுப் போங்க"ன்னு என்கிட்ட மட்டும் வராதே. தூத்துக்குடியிலேர்ந்து பாம்பன் வரைக்கும் 21 தீவு, 1986லேயே தேசியப் பூங்கா ஆக்கிட்டாங்க. அனுமதி இல்லாம எவனும் எறங்கக் கூடாது. அதுல பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இப்ப தண்ணிக்குள்ள. சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் பவளப்பாறையை வெட்டி வெட்டி வித்தோம். பாறை போச்சு, அலையைத் தடுக்க ஆளில்ல, தீவும் போச்சு. பூவரசம்பூ பார்க்கணும்னா மூக்கைப் புடிச்சுக்கிட்டு முங்கித்தான் பார்க்கணும். குருசடைத் தீவுக்கு வேணா வனத்துறையே குந்துகால்லேர்ந்து படகு விடுறாங்க. 1897ல சிகாகோ போய்ட்டு வந்த விவேகானந்தர் கரையேறின இடமும் அந்தக் குந்துகால்தான். அவரு வந்தப்ப சேதுபதி ராஜா காத்துக்கிட்டு நின்னாராம். உனக்கு டிக்கெட் குடுக்கிறவர் நிப்பாரு. பவளத்துண்டு கரையில கிடந்தாலும் பையில போடாதே, கேஸாயிரும்.

அங்க கரையில கண்ணாடி மாட்டிக்கிட்டு, விரல்ல துணி சுத்திக்கிட்டு முங்கி எழும்புற பொம்பளைகளைப் பார்ப்பே. பாசி எடுக்கிறவங்க. தண்ணிக்குள்ள எது எங்க எப்ப மொளைக்கும்னு அவங்களுக்குத்தான் தெரியும். மாசத்துல இத்தனை நாள்தான் எடுக்கணும்னு தங்களுக்குள்ளயே கட்டுப்பாடு வேற வச்சிருக்காங்க. உங்க காட்டுப்பூப் பட்டியலை அவங்ககிட்டக் காட்டு, வயிறு வலிக்கச் சிரிச்சுட்டு அவங்க பட்டியலைச் சொல்லுவாங்க: கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து, கட்டக்கோரை, பக்கோடா. மரிக்கொழுந்துன்னதும் மோந்து பார்க்காதே, கடல் கவிச்சிதான் அடிக்கும். பக்கோடாவுக்கு சட்னி எங்கன்னு உன் கூட்டத்துல எவனாவது கேப்பான். அவனை மட்டும் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வா, அம்மாச்சி பார்க்கணுமாம்.